மொட்டை மாடியில் ஜம்பிங் பலூன் போடலாமா? வேலூர் பக்கம் வாடகைக்கு எடுக்குறவங்க பார்க்க வேண்டியது

சத்துவாச்சாரி_வாசி
எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் ஒரு ஞாயிறு சாயங்காலம் பிறந்தநாள் விழா வெச்சிருக்கோம். 12க்கு 12 அடி ஜம்பிங் பலூன் வாடகைக்குப் பேசியாச்சு. 3 வயசுல இருந்து 11 வயசு வரைக்கும் சுமார் 20 பிள்ளைங்க வருவாங்க. இடம் ரெண்டு இருக்கு. ஒண்ணு வீட்டு மொட்டை மாடி, இன்னொண்ணு பக்கத்து காலி மனை. மாடின்னா வண்டி, நாய் தொல்லை கிடையாது. மனையில கட்டட இடிபாடு கொட்டி நிரவியிருக்காங்க. எது பாதுகாப்பு? வாடகைக்காரர்கிட்ட என்னென்ன கேக்கணும்?

சிவில்_ராணிப்பேட்டை
மாடி வேண்டவே வேண்டாம். முதல் மாடியா மூணாவது மாடியாங்கிறதுல வித்தியாசம் எதுவும் இல்லை.

மாடியில முளை அடிக்க முடியாது. அதனால கைப்பிடிச் சுவர்லயோ தண்ணி டேங்க் பைப்லயோ கயிறு கட்டுவாங்க. கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல், நடுவுல தூண்கூட இருக்காது. மேலே வைக்கிற பாரத்தை அது தாங்கும். பக்கவாட்டு இழுப்பு வந்தா அடியோடு சாயும். அடுத்தது, தரையை விட மாடியில காற்று வேகம் அதிகம், தடுக்க மரமோ வீடோ கிடையாது. பலூன் நாலடி நகர்ந்தாலே சுவர் ஓரத்துக்கு வந்துடும். பலூன் தளமே ஒண்ணரை, ரெண்டு அடி உயரம். அது மேல நின்னு குதிக்கிற பிள்ளைக்கு மூணடி கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே.

பந்தல்செட்_குடியாத்தம்
சிவில் சார் சொன்னது சரி. மனைக்கு வருவோம்.

ஐரோப்பாவுல இதுக்குன்னே ஈஎன் 14960னு ஒரு தரம் இருக்குது. நம்ம ஊர்லயும் அதையே அளவுகோலா எடுத்துக்கலாம். பலூன் எவ்வளவு சின்னதா இருந்தாலும் குறைஞ்சது 6 இடத்துல கட்டணும். ஒவ்வொரு கட்டும் 1600 நியூட்டன், அதாவது 163 கிலோ இழுப்பைத் தாங்கணும். முளை 16 மில்லிமீட்டர் தடிமன், 380 மில்லிமீட்டர் நீளம், அதாவது 15 அங்குலம். தலை உருண்டையா இருக்கணும், தரைக்கு மேல ஒரு அங்குலத்துக்கு மேல நீட்டக் கூடாது.

நம்ம பக்கம் நடக்குறது வேற. 10 அல்லது 12 எம்எம் கம்பியை ஒரு அடிக்கு வெட்டி, வெட்டின முனை கூரா மேல நிக்க, செங்குத்தா அடிச்சு வெச்சிடுவாங்க. அதுல ரெண்டு ஆபத்து. இழுத்தா உருவிட்டு வரும். ஓடுற பிள்ளை கால்ல கிழிக்கும். முளையோட தலை பலூனை விட்டு வெளிப்பக்கமா சாயுற மாதிரி அடிக்கணும். கயிறு தரையோட 30ல இருந்து 45 டிகிரி கோணத்துல இறங்கணும். 16 எம்எம் கம்பியில வாங்கி, தலைப்பக்கம் ஒரு வளையம் வெல்டிங் வெச்சு, முனையை கிரைண்டர்ல மழுக்கிட்டா அது பல வருஷம் உழைக்கும்.

இடிபாடு கொட்டின மண்ணுல முளை பிடிக்காது. செங்கல் துண்டுக்கு நடுவுல காலி இடம் இருக்கும், அடிக்கும்போது இறுக்கமா போற மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஒரு எளிய சோதனை இருக்குது. முளையில கயிறு மாட்டி, கயிறு போகப்போற அதே கோணத்துல ரெண்டு பெரியவங்க சேர்ந்து இழுங்க. கொஞ்சம் அசைஞ்சாலும் அந்த முளை 163 கிலோவைத் தாங்காதுன்னு உறுதி. அசையலைன்னா தாங்கிடும்னு அர்த்தம் இல்லை, ஏன்னா ரெண்டு பேர் இழுப்பு அவ்வளவு வராது. மோசமானதைக் கழிச்சுக் கட்டத்தான் இந்தச் சோதனை.

மயானக் கொள்ளை சமயத்துல பாலாத்து மணல்ல கடை போடுறவங்களுக்கும் இதேதான். மணல்ல 15 அங்குல முளை ஆணி அளவுக்குக்கூட பிடிக்காது. பாரம்தான் வைக்கணும்.

கோட்டை_மைதானம்
பாரம்னா ஒரு இடத்துக்கு எவ்வளவு? மூலைக்கு ஒரு மணல் மூட்டைதான் எல்லா இடத்துலயும் வைக்கிறாங்க.

பந்தல்செட்_குடியாத்தம்
அதே 163 கிலோ, ஒவ்வொரு இடத்துக்கும். சிமெண்ட் சாக்குல எம்-சாண்ட் ரொப்பி வாய் கட்டுற அளவுக்கு வெச்சா ஏறக்குறைய 50 கிலோ நிக்கும். அப்போ இடத்துக்கு 4 மூட்டை. 6 இடத்துக்கு 24 மூட்டை. மொத்தத்துல 1.2 டன். மாடியில இவ்வளவு ஏத்துறது நடக்குற காரியமான்னும் யோசிச்சுப் பாருங்க.

20 லிட்டர் தண்ணி கேன் 20 கிலோதான். மூலைக்கு ரெண்டு கேன் கட்டி வெச்சா அது பேருக்குக் கட்டினது.

கோட்டை_மைதானம்
24 மூட்டை எந்த வாடகைக்காரரும் கொண்டு வரமாட்டார். சாதாரண காற்றுக்கு இவ்வளவு தேவையான்னு தோணுது. பலூனே 80, 90 கிலோ இருக்கும், மேல பிள்ளைங்க எடை வேற.

காற்றுமானி
கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 அடி பலூன்ல ஒரு பக்கச் சுவர் சுமார் 3.6 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம், 9 சதுர மீட்டர். மணிக்கு 38 கிலோமீட்டர் காற்று நேரா அடிச்சா அந்தச் சுவர்மேல விழுற தள்ளு விசை ஏறக்குறைய 80 கிலோ. காற்று வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்காகும். 60 கிலோமீட்டர்லயே ஏறக்குறைய 200 கிலோ ஆயிடும். இது பக்கவாட்டுத் தள்ளு மட்டும். ஒரு ஓரம் கொஞ்சம் தூக்கிட்டா காற்று அடியில புகுந்து மொத்தத் தளத்தையும் கீழேயிருந்து தூக்கும். பிள்ளைங்க எடையைப் பாரமா எண்ணவே கூடாது, குதிக்கும்போது அந்த எடை தளத்துல இல்லை.

அந்த 38 கிலோமீட்டர்தான் ஈஎன் 14960 வெச்சிருக்கிற உச்ச வரம்பு. அதுக்கு மேல பலூன்ல யாரும் இருக்கக் கூடாது. கையடக்க காற்றுமானி இணையத்துல கிடைக்குது. அது இல்லைன்னா கண்ணாலயே பார்க்கலாம். புழுதியும் காகிதமும் தரையில இருந்து கிளம்பினா காற்று 20ல இருந்து 28. அப்பவே புதுசா யாரையும் ஏத்தாதீங்க. இலை நிறைஞ்ச சின்ன மரம், இளம் வேப்பங்கன்னு மாதிரி, முழுசா ஆட ஆரம்பிச்சா 29ல இருந்து 38. எல்லாரையும் இறக்கிட்டு பலூன்ல காற்றை விட்டுடுங்க. பிள்ளைங்களை இறக்கிட்டு பலூனை ஊதினபடி விட்டு வைக்கிறதும் தப்பு. பறக்குற பலூன் வெளியே நிக்கிறவங்களையும் அடிக்கும்.

காற்றுமானி
மேல விட்டுப்போனது. மே மாசம், சாயங்காலம்னு சொல்லியிருக்கீங்க. வேலூர்ல அந்த மாசத்துல ரெண்டு வகைக் காற்று இருக்கு, ரெண்டுமே ஆபத்து.

முதலாவது கோடை இடிமழைக்கு முன்னாடி வர்ற காற்று. பகல்ல 40 டிகிரி தாண்டி வெந்து கிடக்கிற நாள்ல, மூணு, நாலு மணிக்கு மேல தென்மேற்கே ஜவ்வாது மலைப் பக்கமோ வடக்கே ஆந்திர எல்லைப் பக்கமோ வானம் கருக்கும். மழை நம்ம தலைக்கு வர்றதுக்கு முன்னாடியே மேகத்துல இருந்து இறங்குற குளிர்ந்த காற்று புழுதியை வாரிக்கிட்டு வந்துடும். அந்த முதல் வீச்சே 50, 60 கிலோமீட்டர் இருக்கும். "மழை வந்தா நிறுத்திக்கலாம்"னு இருந்தா காலம் கடந்துடும். சென்னை வானிலை மையத்தோட ரேடார் படமும் மாவட்ட வாரியான உடனடி எச்சரிக்கையும் இணையத்துல இலவசம். மின்னலுக்கு தாமினி செயலி இருக்கு. விழா அன்னிக்கு மூணு மணிக்கு மேல 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்க. இடி காதுல விழுந்தாலே நிறுத்திடணும்.

ரெண்டாவது சுழிக்காற்று. மேகமே இல்லாத வானம், காய்ஞ்ச வெட்டவெளி, உச்சி வெயில், இதுதான் அதுக்குப் பிறப்பிடம். முன்னறிவிப்புல வராது. ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா மாநிலம் டெவன்போர்ட்ல ஒரு ஆரம்பப் பள்ளி மைதானத்துல 2021 டிசம்பர் 16 அன்னிக்கு நடந்தது இதுதான். பலூன் தூக்கி எறியப்பட்டு 6 பிள்ளைங்க இறந்தாங்க. 8 இடத்துல கட்ட வேண்டிய பலூனுக்கு 4 முளைதான் அடிச்சிருந்தாங்க. ஆனா 2025ல தீர்ப்பு வந்தப்போ, அந்தச் சுழிக்காற்றுக்கு எல்லா முளையும் சரியா அடிச்சிருந்தாலும் நின்னிருக்காதுன்னு சொல்லி நடத்துனரை விடுவிச்சாங்க. இதை ரெண்டு விதமா எடுத்துக்கலாம். "அப்போ முளை எதுக்கு"ன்னு எடுத்துக்கிறது ஆபத்தான வழி. வெயில் உச்சியில, புல்லு பூண்டு இல்லாத காய்ஞ்ச திடல்ல பலூனே போடாதீங்கன்னு எடுத்துக்கிறதுதான் நமக்குச் சரி.

தொரப்பாடி_அம்மா
முளைன்னா உடனே இங்கிலாந்து ஹார்லோ ஊர் வழக்கையும் சொல்லணும். 2016 மார்ச்ல பூங்காவுல போட்ட பலூன் காற்றுல அறுந்து சுமார் 300 மீட்டர் உருண்டு போய் 7 வயசுப் பொண்ணு இறந்தது. சரியா கட்டலை, வானிலையைக் கவனிக்கலைன்னு 2018ல நடத்துனவங்க ரெண்டு பேருக்கும் 3 வருஷம் சிறை. அங்கே கட்டினது சரியில்லைன்னு தெளிவாவே நிரூபணமாச்சு. கோட்டை மைதானம் சார், வாடகைக்காரர் கொண்டு வரமாட்டார்னா நாம வேண்டாம்னு சொல்லலாம். அட்வான்ஸ் போனா போகட்டும்.

ஒயர்மேன்_காட்பாடி
காற்று பத்தி நிறைய பேசியாச்சு. பலூனுக்குக் காற்று ஊதுற புளோயர் பத்தி யாரும் வாயே திறக்கலை.

12 அடி பலூனுக்கு பெரும்பாலும் ஒண்ணரை ஹெச்பி, 1100 வாட் மோட்டார். ஓடும்போது 6, 7 ஆம்பியர். ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போல அஞ்சு மடங்கு இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்ல கொடுங்க. 2.5 சதுர எம்எம், மூணு கோர், காப்பர் வயர். வீட்டுல கிடக்குற 0.75 எம்எம் எக்ஸ்டென்ஷனை 30 மீட்டர் இழுத்தா ஓடும்போது 10 வோல்ட்தான் குறையும், பார்க்க நல்லா ஓடுற மாதிரி இருக்கும். ஸ்டார்ட் ஆகுறப்போ 50 வோல்ட் விழும். கரண்ட் போய் திரும்ப வரும்போது மோட்டார் முனகிக்கிட்டே நிக்கும், காயில் எரியும். ஒயர் ரோலை முழுசா பிரிச்சுப் போடுங்க, சுருட்டின மேனிக்கு விட்டா சூடாகி உருகும். 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத லைன்ல குடுக்கவே கூடாது, பிள்ளைங்க வெறுங்கால்ல, வேர்வையோட ஓடுற இடம் அது. கம்பத்துல கொக்கி போடுறேன்னு சொல்லுற ஆளை அங்கேயே அனுப்பிடுங்க.

புளோயரை பலூன் சுவர்ல இருந்து குறைஞ்சது 4 அடி தள்ளி, பின்பக்கமா வைக்கணும், பிள்ளைங்க போக முடியாதபடி தடுப்பு போடணும். காற்று உறிஞ்சுற வாய்ல விரல் நுழையாத வலை இருக்கணும். பாலித்தீன் கவர், தெர்மோகோல் தட்டு, பூ மாலை நாரு போய் அந்த வலையில ஒட்டிக்கிட்டா பாதிக் காற்றுதான் போகும். பிறந்தநாள் விழாவுல இதெல்லாம் தாராளமா பறக்கும். துணிக்குழாயை புளோயர் வாய்ல பெல்ட்டால ரெண்டு சுத்து இறுக்கி, முறுக்கு விழாம நேரா வைங்க. புளோயரையும் முளையடிச்சுக் கட்டுங்க, பலூன் ஆடும்போது அதையும் இழுத்துக் கவிழ்க்கும்.

சத்துவாச்சாரி_வாசி
கரண்ட் போனா? எங்க தெருவுல சாயங்காலம் வோல்டேஜும் குறையும்.

ஒயர்மேன்_காட்பாடி
வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் வேகம் குறையும், பலூன் தளம் தளர்ந்து பிள்ளை கால் தரையைத் தொடும். அதை அளக்க ஒரு மீட்டர் நீளத்துக்கு நிறமில்லாத லெவல் டியூப் வாங்குங்க, கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, அதேதான். யூ மாதிரி வளைச்சு பாதி தண்ணி ஊத்தி, தெரியுறதுக்கு ரெண்டு சொட்டு நீலம் கலந்துக்கோங்க. ஒரு முனையை பலூனோட காற்று விடுற ஜிப் ஓரத்துல ஒரு அங்குலம் உள்ளே விட்டு சுத்தி துணியால அடைச்சுப் பிடிங்க. ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் வித்தியாசம் 10 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தா அந்தப் பலூன்ல காற்று பத்தலை. புளோயர் சின்னதா இருக்கும், இல்லே ஜிப் சரியா மூடலை, இல்லே தையல் விட்டிருக்கும். தையல் வழியா கொஞ்சம் கொஞ்சமா காற்று கசியுறது இயல்பு, கையை வெச்சா புஸ்ஸுனு அடிக்கிறது இயல்பு கிடையாது.

ஜெனரேட்டர்ன்னா 5 கேவிஏ வைங்க. 2 கேவிஏ ஸ்டார்ட்டிங்கிலேயே திணறும். மண்டபத்துலயும் கவனிங்க: கரண்ட் போனதும் ஆள் ஓடிப்போய் ஜெனரேட்டருக்கு மாத்துற சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்புற வரைக்கும் பலூன் இறங்கிக்கிட்டே இருக்கும். பெட்ரோல் ஊத்தணும்னா முதல்ல பிள்ளைங்களை இறக்கிட்டு ஊத்துங்க.

பந்தல்செட்_குடியாத்தம்
கரண்ட் போற அந்த நிமிஷம் என்ன செய்யணும்னு முன்னாடியே ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கணும். எல்லாரும் புளோயரைப் பார்க்கத்தான் ஓடுவாங்க. அது தப்பு. வாசல்ல நிக்கிற ஆள் விசில் அடிச்சு, வாசல் பக்கத்து வளைவைக் கையால தூக்கிப் பிடிக்கணும். இன்னொருத்தர் உள்ளே கை நீட்டி, மூலையில இருக்கிற சின்னப் பிள்ளையில இருந்து இழுத்து எடுக்கணும். ஒண்ணு, ரெண்டு நிமிஷத்துல சுவர் மடிஞ்சு மேல விழ ஆரம்பிச்சிடும். பிவிசி ஷீட் கனமானது, அடியில மாட்டின குழந்தைக்கு மூச்சு முட்டும். எண்ணி எத்தனை பேர் ஏறினாங்களோ அத்தனை பேர் இறங்கினாங்களான்னு சரிபாருங்க. கரண்ட் உடனே வந்துட்டாலும், உள்ளே ஆள் இருக்கும்போது திரும்ப ஊத விடாதீங்க. சறுக்கு பலூன்னா உச்சியில நிக்கிற பிள்ளையை உக்காரச் சொல்லி உடனே சறுக்க விடணும், படியில திரும்ப இறங்கச் சொல்லக் கூடாது.

எலும்பு_பிரிவு
பறக்குறதும் கவிழுறதும்தான் செய்தியாகும். ஆஸ்பத்திரிக்கு வர்றதுல பெரும்பாலானவை பலூன் நின்ன இடத்துலயே நிக்கும்போது நடந்தவை. அமெரிக்காவுல 1990 முதல் 2010 வரையிலான அவசரப் பிரிவுப் பதிவுகளை வெச்சு 2012ல ஒரு ஆய்வு வந்தது. 2010ல மட்டும் சராசரியா நாளுக்கு 31 பிள்ளைகள். முதல் காரணம் விழுதல், அடுத்தது ஒருத்தர்மேல ஒருத்தர் மோதுறது. கால்வாசிக்கு மேல எலும்பு முறிவு.

நீங்க சொன்ன 3 வயசும் 11 வயசும் ஒண்ணா ஏறுறதுதான் எனக்குப் பெரிய கவலை. 35 கிலோ பையன் குதிச்சு இறங்கும்போது தளம் அமுங்கி, அடுத்த நொடி எழும்பும். அந்த நேரத்துல 12 கிலோ குழந்தை கால் ஊன்றினா, பெரியவன் குதிச்ச வேகமும் சேர்ந்து அந்த முழங்காலுக்கு வரும். முழங்காலுக்குக் கீழே எலும்புல விரிசல் விழும். வீக்கம்கூட பெருசா தெரியாது, குழந்தை கால் ஊன்ற மாட்டேன்னு அழும், அவ்வளவுதான். "பயந்துட்டான்"னு விட்டுடாதீங்க.

வயசுவாரியா பிரிங்க: 3ல இருந்து 5, 6ல இருந்து 8, 9க்கு மேல. 12 அடியில சின்னவங்க 5 பேர், பெரியவங்க 4 பேர், 10 நிமிஷம். 3 வயசுக்குக் கீழே வேண்டாம். குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு போட்டோவுக்கு ஏறுற பெரியவங்களும் வேண்டாம். குட்டிக்கரணம், சுவர்ல ஏறுறது கூடாது. கழுத்து முறிவு அதுலதான் வரும்.

விழுந்து முழங்கை வீங்கினா, வளையல் காப்பு உடனே கழட்டுங்க. கை எந்த நிலையில இருக்கோ அதே நிலையில அட்டை வெச்சு துப்பட்டாவால தூளி கட்டுங்க. தேய்க்காதீங்க, இழுக்காதீங்க. விரல் நுனி வெளுத்திருக்கா, சில்லுன்னு இருக்கா, அசைக்க முடியுதான்னு பாருங்க. நம்ம பக்கம் உடனே புத்தூர் கட்டுக்கு வண்டி எடுப்பாங்க. பிள்ளைங்க முழங்கைக்கு மேல் எலும்பு முறிஞ்சா ரத்தக்குழாய் அங்கேயே நெருங்கி ஓடுது. இறுக்கிக் கட்டினா ரத்தம் ஓடாம சதை செத்து கை நிரந்தரமா மடங்கிடும். மணிக்கணக்குல நடக்குற விஷயம் இது. எக்ஸ்ரேவும் அறுவை வசதியும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. வழியில ஜூஸ், பிஸ்கட் கொடுக்காதீங்க, மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். தலைகுப்புற விழுந்து கழுத்து வலின்னா தூக்காம அப்படியே படுக்க வெச்சு 108 கூப்பிடுங்க.

தொரப்பாடி_அம்மா
ஏறுறதுக்கு முன்னாடி: செருப்பு, மூக்குக் கண்ணாடி, ஹேர்கிளிப், கம்மல், வாய்ல மிட்டாய் எதுவும் கூடாது. கொலுசை யாரும் நினைக்கிறதில்லை. பக்கச் சுவர் வலையில கொலுசு மணி மாட்டிக்கிட்டு, பிள்ளை குதிக்க கணுக்கால் திருகிக்கும். கழுத்துச் சங்கிலி, தாயத்துக் கயிறு எல்லாம் கழட்டி ஒரு டப்பாவுல பேர் எழுதிப் போடுங்க. பட்டுப்பாவாடை வழுக்கும், உள்ளே லெக்கிங்ஸ் போட்டு பாவாடையைக் கழட்டிடலாம்.

வெயில்ல கிடந்த ஷீட்டுல புறங்கையை 5 நொடி வெச்சுப் பாருங்க. உங்களால முடியலைன்னா பிள்ளை பாதம் தாங்காது. உள்ளே காற்றோட்டம் கிடையாது, ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல தண்ணி.

வாசல்ல 4 அடி அகலத்துக்கு தடிமனான பாய் போடுங்க. சுவர் எதிர்ல தூண், காம்பவுண்டு, பைக் எதுவும் இருக்கக் கூடாது. பக்கங்கள்ல 6 அடி, வாசல் பக்கம் 12 அடி காலியா விடுங்க. பட்டாசு, புஸ்வாணம் அந்தப் பக்கமே கூடாது.

கோட்டை_மைதானம்
பிள்ளைங்களுக்குன்னு இணையத்துல விக்கிற சின்ன நைலான் பலூன் பரவாயில்லையா? வீட்டு ஹால்லயே போடலாமே.

பந்தல்செட்_குடியாத்தம்
ஹாலுக்குள்ள காற்று பயம் இல்லைங்கிறது உண்மை. லேபிள்ல போட்டிருக்கிற மொத்த எடையைப் பாருங்க, அதைத் தாண்டினா தையல்தான் முதல்ல போகும். சீலிங் ஃபேன் ஓடக் கூடாது. டைல்ஸ் தரையில வழுக்கிப் போய் ஷோகேஸ்ல இடிக்காம மூலைக்கு ஒரு கட்டு போடணும். அதோட வர்ற பென்சில் மாதிரி முளையை நம்பி வெளியே போட்டா காத்தாடி ஆயிடும்.

சத்துவாச்சாரி_வாசி
மாடி யோசனையை விட்டாச்சு. மனையில ரெண்டு இடத்துல முளை அடிச்சு இழுத்துப் பார்த்தோம், ரெண்டுமே அசைஞ்சது. வாடகைக்காரர் 24 மூட்டை முடியாது, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் 6 தர்றேன்னு சொல்றார். தண்ணி லாரியில நிரப்பிக்கலாம். சரி வருமா?

பந்தல்செட்_குடியாத்தம்
நிரம்பின டிரம் 200 கிலோ, எடை போதும். ஆனா டிரம் உயரமானது. மேல் விளிம்புல கயிறு கட்டினா இழுப்புக்குக் கவிழும், மூடி திறந்து தண்ணி போச்சுன்னா பாரமும் போச்சு. அடிப்பாகத்துல, தரையில இருந்து அரை அடிக்குள்ள, 2 அங்குல பாலியெஸ்டர் பெல்ட்டை ரெண்டு சுத்து சுத்தி, டிரம்முக்கு அடியில குறுக்கா ஒரு பெல்ட் போட்டு அதோட சேர்த்துப் பிணைங்க, மேல உருவாது. டிரம் கழுத்து வரைக்கும் நிரப்பி மூடியை இறுக்குங்க. பலூன்ல கயிறு மாட்டுற டி வளையத்தோட தையலையும் ஒண்ணொண்ணா பிடிச்சு இழுத்துப் பாருங்க, வெயில்ல நூல் இத்துப்போயிருந்தா கையோட வரும். மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு கொண்டு வந்தா வாங்காதீங்க.

காற்றுமானி
டிரம்மோட சேர்த்தாலும் 38 கிலோமீட்டர் வரம்பு அப்படியேதான். நேரத்தை சாயங்காலத்துக்குப் பதிலா காலை ஏழரையில இருந்து ஒன்பதரைக்கு மாத்த முடியுமான்னு பாருங்க. மே மாசத்துல அந்தக் காலை நேரத்துல பெரும்பாலும் இடிக்காற்றும் இருக்காது, ஷீட்டும் அவ்வளவா சுடாது.